எண்ணிக்கையில் விடுபட்டவர்கள்: அகதா கிறிஸ்டியின் புதிர் நாவல்கள்



மாணவர்களின் வாசிப்புப் பதிவேட்டில் ஒரு துப்பறியும் நாவலின் பெயரைப் பார்த்தால் நம்மில் பலர் கொஞ்சம் முகம் சுளிப்பது உண்டு. "இதெல்லாம் ஒரு புத்தகமா? நல்லதா ஒரு சிறுகதைத் தொகுப்பு எடுத்துப் படிக்கக் கூடாதா?" என்று கேட்டும் விடுகிறோம். கொலையாளி யார் என்று தெரிந்ததும் மூடி வைத்துவிடும் புத்தகத்தில் மொழியாசிரியருக்கு என்ன வேலை என்பதுதான் நம் எண்ணம். கேள்வி நியாயமானது. இந்த வகையில் அதிகம் எழுதியவரும் அதிகம் படிக்கப்பட்டவருமான அகதா கிறிஸ்டியை வைத்து அதற்குப் பதில் தேடலாம் என்று நினைக்கிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: கிறிஸ்டி தம் தடயங்களை மறைத்து வைப்பது நாம் மனிதராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஆட்களிடம். வேலைக்காரர், கிழவி, அயல்நாட்டுக்காரர் என்று நாம் கண்ணெடுத்தும் பார்க்காத இடத்தில் உண்மை கிடக்கும். இதுவே அவருடைய பலம். அவருடைய பலவீனமும் இதற்குள்ளேயே இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் வகுப்பறைக்கு நல்ல பயன் உண்டு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் எந்தக் கொலையாளியின் பெயரும் வராது. பயப்படாமல் படிக்கலாம்.

யார் இவர்?

அகதா கிறிஸ்டி 1890-இல் இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் டார்க்கி என்னும் கடலோர ஊரில் பிறந்தார், 1976-இல் மறைந்தார். 66 துப்பறியும் நாவல்கள், 14 சிறுகதைத் தொகுப்புகள், அவை போக நாடகங்கள். லண்டனில் 1952-இல் மேடையேறிய அவருடைய 'தி மவுஸ்டிராப்' நாடகம், கோவிட் பெருந்தொற்றுக் கால இடைவெளி தவிர, ஆண்டுக்கணக்கில் நிற்காமல் நடந்துவருகிறது.

முதல் உலகப் போரின்போது சொந்த ஊர் மருத்துவமனையில் தாதியாக இருந்தார். பிறகு அங்கேயே மருந்து கலந்து கொடுக்கும் பிரிவுக்கு மாறி, 1917-இல் அதற்கான தேர்விலும் தேறினார். எந்த மருந்து எந்த அளவில் நஞ்சாகும் என்பதை அங்கேதான் கற்றார். 1916-இல் எழுதிய முதல் நாவல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. சில பதிப்பாளர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள். 1920-இல்தான் அது வெளிவந்தது. மருந்தாளர்களுக்கான இதழ் ஒன்று, நாவலில் நஞ்சைக் கையாண்ட முறை சரியாக இருக்கிறது என்று பாராட்டியது. அந்தப் பாராட்டு கிறிஸ்டிக்கு மிகவும் பிடித்திருந்ததாம்.

அந்த முதல் நாவலிலேயே எர்க்யூல் புவாரோ வந்துவிட்டார். முட்டை வடிவத் தலை, முறுக்கிய மீசை, எதையும் நேராக அடுக்கி வைக்காமல் இருக்க முடியாத குணம். போரினால் நாடிழந்து இங்கிலாந்துக்கு வந்த பெல்ஜிய அகதி அவர். டார்க்கியில் தங்கியிருந்த பெல்ஜிய அகதிகளைக் கண்டுதான் கிறிஸ்டிக்கு அந்த எண்ணமே வந்தது. அவருடைய இன்னொரு துப்பறிவாளர் மிஸ் மார்ப்பிள். செயின்ட் மேரி மீட் என்னும் கற்பனைக் கிராமத்தில் தனியே வாழும், திருமணமாகாத மூதாட்டி.

ஆட்டத்தின் விதிகள்

1920-களும் 1930-களும் ஆங்கிலத் துப்பறியும் நாவலின் பொற்காலம் எனப்படுகின்றன. அப்போது எழுதப்பட்டவை பெரும்பாலும் புதிர் வகை நாவல்கள். ஒரு கொலை நடக்கும். சந்தேகத்துக்கு இடமான ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். துப்பறிவாளர் கண்ட தடயங்கள் எல்லாம் வாசகர் கண்ணிலும் படும். கடைசி அத்தியாயத்துக்கு முன் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தால் விடையை நாமே கண்டுபிடிக்க முடிய வேண்டும். எழுத்தாளர் ஏமாற்றலாம், பொய் சொல்லக் கூடாது.

இந்த நேர்மைக்காக விதிகளே எழுதினார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் பத்துக் கட்டளைகள் வகுத்தார்: பேய் பிசாசு வரக் கூடாது, யாரும் அறியாத நஞ்சு கூடாது, துப்பறிவாளரே குற்றவாளியாகக் கூடாது என்றெல்லாம். அதில் ஒன்று, கதையில் சீனர் யாரும் வரக் கூடாது என்பது. அக்கால மலிவு விலை மர்மக் கதைகளில் சீனர் என்றாலே வில்லன் என்று எழுதித் தள்ளியதற்கு எதிரான கிண்டல் அது. ஆனாலும் பல்லின வகுப்பறையில் இருக்கும் நம் மாணவர்களுக்கு இதை விளக்கம் இல்லாமல் கொடுத்துவிட முடியாது. அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் யார், மேசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது. இதற்குப் பிறகு வருகிறேன்.

விதிக்கு உட்பட்டுத் தடயத்தை எப்படி மறைப்பது? கிறிஸ்டியின் வழிகள் மிக எளியவை. அறையில் இருந்த பத்துப் பொருள்களைப் பட்டியல் போடுவார். முக்கியமானது நடுவில் இருக்கும். நாம் முதலும் கடைசியும்தான் நினைவில் வைப்போம். அல்லது தடயத்தைச் சொன்ன கையோடு கதவு தட்டப்படும், தேநீர் வரும், சண்டை மூளும். நம் கவனம் அங்கே ஓடிவிடும். அல்லது ஊரே "லொட லொட" என்று ஒதுக்கிவைத்த ஒருவர் வாயில் அந்த உண்மையை வைத்துவிடுவார். சுஜாதாவின் கணேஷ்–வசந்த் கதைகளில் நம்மை இழுத்துச் செல்வது பேச்சின் சுவையும் வேகமும். கிறிஸ்டியிடம் வேகமாகப் போனால் தோற்றோம்.

இரண்டு குற்றச்சாட்டுகள்

கிறிஸ்டியை எல்லாரும் கொண்டாடவில்லை. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல் எழுதிய கட்டுரையில் இந்த வகை நாவல்களை ஒரு பிடி பிடித்தார். 1934-இல் வந்த 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலின் தீர்வையும் அவர் விடவில்லை. உண்மையான கொலை இப்படியா நடக்கிறது என்பது அவர் வாதம். விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945-இல் இன்னும் கடுமையாக எழுதினார். ரோஜர் ஆக்ராய்டைக் கொன்றது யாராக இருந்தால் யாருக்கென்ன என்ற பொருளில் அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். ஆக்ராய்ட் 1926-இல் கிறிஸ்டியைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன நாவலில் கொலையுண்டவர். வில்சனைப் பொறுத்தவரை கிறிஸ்டியின் நடையில் சுவை இல்லை, பாத்திரங்களில் உயிர் இல்லை.

பாதி உண்மைதான். கிறிஸ்டியின் பாத்திரங்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு முத்திரை: ஓய்வுபெற்ற மேஜர், கிராமத்து மருத்துவர், பணக்கார விதவை, வேலைக்காரப் பெண். வருணனையும் இரண்டு மூன்று வரிதான். ஆழமான மன ஓட்டம் வேண்டுமென்றால் வேறு எழுத்தாளரிடம் போக வேண்டும்.

ஆனால் இந்த முத்திரைதான் அவருடைய கருவி என்பதை வில்சன் கவனிக்கவில்லை. 'வேலைக்காரப் பெண்' என்று படித்ததும் அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நாம் நினைத்து, மேற்கொண்டு பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம். பார்ப்பதை நிறுத்திய இடத்தில்தான் கிறிஸ்டி வேலையைத் தொடங்குகிறார். பாத்திரங்கள் தட்டையாக இருப்பதில் எழுத்தாளரின் பங்கு பாதி என்றால், மீதிப் பாதி வாசகரான நம்முடையது.

மதிக்கப்படாதவர்களின் வசதி

மிஸ் மார்ப்பிள் முதன்முதலில் தோன்றிய சிறுகதை 'தி டியூஸ்டே நைட் கிளப்' (1927). மார்ப்பிளின் வீட்டில் விருந்தினர்கள் கூடியிருக்கிறார்கள். ஆளுக்கொரு மர்மம் சொல்வது, மற்றவர்கள் விடை காண்பது என்று ஒரு சங்கம் தொடங்க முடிவாகிறது. ஓர் இளம் ஓவியர் எத்தனை பேர் என்று எண்ணுகிறார். ஐந்து. இன்னொருவர் இருந்தால் ஆறாகும் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரப் பாட்டி, தம்மை விட்டுவிட்டதை மென்மையாக நினைவூட்டுகிறார். சங்கத்தில் வழக்கறிஞர் இருக்கிறார், காவல்துறையின் உயர் பதவியில் இருந்தவர் இருக்கிறார், நாவலாசிரியர் இருக்கிறார். விடை சொல்வது எண்ணிக்கையில் விடுபட்ட பாட்டி.

மார்ப்பிளை உலகத்துக்கு அறிமுகப்படுத்த கிறிஸ்டி தேர்ந்தெடுத்த காட்சி இது. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. முதல் மார்ப்பிள் நாவலான 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' (1930) நாவலிலும் அவர் தோட்டத்தில் களை பிடுங்குவதாகவும் பறவைகளைப் பார்ப்பதாகவும் சொல்லிக்கொண்டு ஊரையே கவனித்துக்கொண்டிருப்பார். தோட்டத்தில் ஒரு கிழவி நிற்பதை யார் பொருட்படுத்துவார்கள்?

புவாரோ இன்னும் ஒருபடி மேல். 'த்ரீ ஆக்ட் டிராஜடி' (1935) நாவலின் இறுதியில் ஒருவர் அவரிடம், ஏன் சில நேரம் நல்ல ஆங்கிலமும் சில நேரம் உடைந்த ஆங்கிலமும் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார். புவாரோ சொல்லும் விளக்கத்தின் சாரம் இது: எனக்குச் சரியான ஆங்கிலம் பேசத் தெரியும், ஆனால் உடைத்துப் பேசினால் ஆங்கிலேயர்கள் என்னை அலட்சியமாக நினைப்பார்கள், அலட்சியமாக நினைப்பவன் என் முன்னால் எச்சரிக்கையாக இருக்க மாட்டான்.

இந்த இடத்தை நம் பிள்ளைகளோடு பேச வேண்டும். "நான் இங்கிலீஷ் பேசினா சிரிக்கிறாங்க டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். தமிழ் பேசினால் சிரிக்கிறார்கள் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உச்சரிப்பை வைத்து ஒருவரின் மூளையை எடைபோடும் உலகத்தைப் புவாரோ நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். அந்த உலகத்தை அவர் திருத்தப் போகவில்லை, பயன்படுத்திக்கொள்கிறார். அது சரியா என்று மாணவர்கள் வாதிடட்டும்.

'4.50 ஃப்ரம் பேடிங்டன்' (1957) நாவலில் இதே கருத்து வேறு உருவில் வருகிறது. ஓடும் ரயிலிலிருந்து, பக்கத்து ரயிலில் ஒரு பெண் கழுத்து நெரிக்கப்படுவதை மார்ப்பிளின் தோழி பார்க்கிறார். வயதானவர் சொல்வதை யாரும் நம்பவில்லை. பிணமும் கிடைக்கவில்லை. மார்ப்பிள், லூசி ஐல்ஸ்பரோ என்ற பெண்ணை ஒரு பெரிய வீட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறார். லூசி ஆக்ஸ்ஃபர்டில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்காத காலம் என்பதால் அதையே நல்ல வருமானமுள்ள தொழிலாக ஆக்கிக்கொண்டவர். சமைப்பவருக்கும் கூட்டுபவருக்கும் வீட்டின் எந்த மூலைக்குப் போகவும் காரணம் உண்டு. காவலர்களால் தேட முடியாத இடத்தை, துடைப்பம் பிடித்த பட்டதாரி தேடுகிறார்.

மைப்புட்டி வாங்கிய மூதாட்டி

என் வாதத்துக்கு நெருக்கமான நாவல் 1952-இல் வந்த 'மிஸஸ் மெக்கிண்டிஸ் டெட்'. கிறிஸ்டியின் புகழ்பெற்ற நாவல்களின் வரிசையில் இது அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வரும்.

மெக்கிண்டி அம்மாள் பல வீடுகளுக்குப் போய்க் கூட்டிப் பெருக்கிப் பிழைத்தவர். தலையில் அடித்துக் கொல்லப்படுகிறார். அவர் சேர்த்து வைத்திருந்த சிறிதளவு பணம் காணாமற்போகிறது. அவர் வீட்டில் வாடகைக்கு இருந்த ஜேம்ஸ் பென்ட்லி என்ற இளைஞன் கைதாகி, தூக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டுவிடுகிறது. வேலை இழந்தவன், யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவன், யாருக்கும் பிடிக்காதவன். வழக்கை நடத்திய காவல் அதிகாரி ஸ்பென்ஸுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. அவர் புவாரோவிடம் வருகிறார்.

புவாரோ கிராமத்துக்குப் போய், மெக்கிண்டி வேலை செய்த வீடுகளில் விசாரிக்கிறார். வாரந்தோறும் வீட்டுக்குள் வந்துபோன ஒருவரைப் பற்றி அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல அநேகமாக எதுவுமே இல்லை. கொலை நடந்த வருத்தத்தைவிட, இனி வேலைக்கு ஆள் எங்கே பிடிப்பது என்ற கவலை சிலருக்குப் பெரிதாகத் தெரிகிறது. கிறிஸ்டி இதை உபதேசமாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு பேச்சாகக் காட்டுகிறார். வில்சன் 'சுவையில்லை' என்று சொன்ன அந்தச் சாதாரண உரையாடலில் ஒரு சமூகத்தின் அலட்சியம் அப்படியே பதிவாகியிருக்கிறது.

அப்புறம் அந்தத் தடயம். இறப்பதற்குச் சில நாள் முன் மெக்கிண்டி ஒரு மைப்புட்டி வாங்கியிருக்கிறார். அவ்வளவுதான். மைப்புட்டியில் என்ன இருக்கிறது? ஓர் ஆசிரியர் வாங்கியிருந்தால் ஒன்றுமில்லை. கடிதம் எழுதும் வழக்கமே இல்லாத ஒருவர் வாங்கினால், வழக்கத்துக்கு மாறாக அவர் எதையோ எழுத நினைத்திருக்கிறார். யாருக்கு? அவருடைய பொருள்களுக்கிடையே ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றும் இருக்கிறது. அதில் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. பழைய குற்ற வழக்குகளோடு தொடர்புடைய நான்கு பெண்களின் படங்களோடு வந்த கட்டுரை அது. மெக்கிண்டி அந்தப் பத்திரிகைக்குத்தான் எழுதியிருக்கிறார். வேலை செய்யும் வீடு ஒன்றில் அதே படங்களில் ஒன்றைத் தாம் பார்த்ததாக. தூசு தட்டும்போது எல்லாப் படத்தையும் பார்ப்பவர் அவர் ஒருவர்தானே!

இங்கே நடக்கும் சிந்தனையைக் கவனியுங்கள். பொருளை மட்டும் பார்த்தால் துப்பு இல்லை. பொருளையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்டு. மெக்கிண்டியை வெறும் 'வேலைக்காரி' என்று பார்த்தவருக்கு மைப்புட்டி கடைசி வரை மைப்புட்டிதான். அவர் எழுதத் தயங்குபவர், அப்படிப்பட்டவர் துணிந்து ஒருநாள் எழுத உட்கார்ந்தார் என்று ஒரு மனிதராக நினைத்துப் பார்த்தவருக்கே அது பேசுகிறது. கருத்துணர்தல் பாடத்தில் 'வரிகளுக்கிடையே வாசித்தல்' என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோமே, அதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு, 1953-இல் வந்த 'எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை' நாவலிலும் ஒரு வேலைக்காரப் பெண் கொல்லப்படுகிறாள். பெயர் கிளாடிஸ், அநாதை இல்லத்திலிருந்து வந்தவள். பணக்கார வீட்டு மரணங்களைப் பற்றித்தான் ஊர் பேசுகிறது. மார்ப்பிள் ரயிலேறி வருவது கிளாடிஸுக்காக. வீட்டு வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிணத்தின் மூக்கில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான் கொலையாளி. மார்ப்பிளின் அமைதி குலைவது அங்கேதான். கொன்றதோடு விடாமல் இழிவும் படுத்தியதை அவரால் பொறுக்க முடியவில்லை. நாவலின் இறுதியில் கிளாடிஸ் அவருக்கு எழுதிய கடிதம் தாமதமாக வந்து சேர்கிறது.

மெக்கிண்டியின் கடிதம், கிளாடிஸின் கடிதம். எழுதிப் பழக்கமில்லாத இருவர் எழுதிய இரண்டு கடிதங்கள். இரண்டும் காலத்தில் உதவவில்லை. எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது சும்மா கடந்துபோகும் செய்தி அன்று.

கிறிஸ்டி எண்ணாமல் விட்டவர்கள்

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். மற்றவர்கள் பார்க்காததைப் பார்த்த கிறிஸ்டியும் பார்க்காமல் விட்டவை உண்டு.

கிளாடிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்காக மார்ப்பிள் கோபப்படுகிறார். அதே நாவல் அவளை அறிவு மந்தமானவள், அழகில்லாதவள், மூக்கடைத்த குரலில் பேசுபவள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. இரக்கம் இருக்கிறது, சமமாகப் பார்க்கும் பார்வை இல்லை. 1920, 1930-களின் நாவல்களில் யூதர்களைப் பற்றி வரும் சில வரிகள் இன்று படிக்கக் கூசுகின்றன. 'ஹிக்கரி டிக்கரி டாக்' (1955) நாவலில் லண்டன் மாணவர் விடுதியில் இந்திய, மேற்கு ஆப்பிரிக்க மாணவர்கள் வருகிறார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலமும் நடந்துகொள்ளும் விதமும் பெரும்பாலும் வேடிக்கைக்காகவே. புவாரோவின் உடைந்த ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒரு பெரிய மூளை இருப்பதாகக் காட்டியவர், இவர்களுக்கு அந்த மரியாதையை முழுதாகத் தரவில்லை.

மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு, 1939-இல் வந்த 'அண்ட் தென் தேர் வேர் நன்'. பத்துப் பேர் ஒரு தீவுக்கு அழைக்கப்படுகிறார்கள். முதல் இரவே ஓர் இசைத்தட்டு ஒலிக்கிறது. சட்டத்தால் தண்டிக்க முடியாத கொலைகளுக்கு நீங்கள் காரணம் என்று ஒவ்வொருவர் மீதும் குற்றம் சாட்டுகிறது. அந்தப் பட்டியலில் வேலைக்காரப் பெண்ணும் இருக்கிறாள்: கருவுற்றதற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, தண்ணீரில் விழுந்து இறந்த பியாட்ரிஸ் டெய்லர். துரத்திய முதலாளியம்மாவைக் கிறிஸ்டி குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். பாராட்ட வேண்டிய துணிச்சல்.

அதே பட்டியலில் பிலிப் லம்பார்ட் என்பவர் மேல் ஒரு குற்றச்சாட்டு. கிழக்கு ஆப்பிரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த 21 பேரின் சாவுக்கு அவர் காரணம். உணவை எடுத்துக்கொண்டு, அவர்களைக் காட்டில் சாக விட்டுவிட்டு வந்தவர் அவர். அதை ஒப்புக்கொள்ளவும் அவர் தயங்கவில்லை. சாவு என்பது அந்த மக்களுக்கு நம்மைப்போல் பெரிய விஷயமில்லை என்கிற பாணியில் பேசுகிறார். பட்டியலில் இறந்துபோன மற்ற எல்லாருக்கும் பெயர் உண்டு. கார் மோதி இறந்த இரண்டு குழந்தைகளுக்கும் உண்டு. இந்த 21 பேருக்கு எண்ணிக்கை மட்டும்தான்.

இதை எப்படி வாசிப்பது? குற்றப்பத்திரிகையில் அந்த 21 பேரையும் சேர்த்தது அந்தக் காலத்துக்கு ஒரு படி முன்னே என்று சொல்லலாம். அவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் தோன்றவில்லையே என்றும் கேட்கலாம். இரண்டும் உண்மை. இன்னொன்றும் இருக்கிறது. இந்த நாவல் இங்கிலாந்தில் முதலில் வந்தபோது அதன் தலைப்பிலேயே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. அமெரிக்கப் பதிப்பு 1940-இலேயே தலைப்பை மாற்றிவிட்டது. இங்கிலாந்தில் அந்தத் தலைப்பு 1980-கள் வரை நீடித்தது. 2023-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் சில நாவல்களில் இனம் சார்ந்த சொற்களையும் வரிகளையும் நீக்கியும் மாற்றியும் புதிய பதிப்புகள் கொண்டுவருவதாகச் செய்தி வந்தபோது பெரிய விவாதமே எழுந்தது.

என் கருத்து: தலைப்பை மாற்றியது சரி. இழிசொல்லை அட்டையில் சுமந்துகொண்டு ஒரு மாணவன் பள்ளிக்கு வர முடியாது. ஆனால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டால், லம்பார்டின் பேச்சில் உள்ள கொடூரமும் சேர்ந்து துடைபடும் அபாயம் உண்டு. கெட்ட எண்ணத்தைப் பாத்திரம் சொல்கிறதா, எழுத்தாளர் சொல்கிறாரா என்று பிரித்தறிய மாணவனுக்குக் கற்றுக்கொடுப்பது நம் வேலை. சில இடங்களில் அது பாத்திரத்தின் குரல். சில இடங்களில் கிறிஸ்டியின் சொந்தக் குரலேதான். அங்கே அவருக்காக நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

வகுப்பறைக்கு

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குப் பொருந்தும் சில வழிகள்:

1. செவ்வாய் இரவுச் சங்கம். நான் மேலே சொன்ன சிறுகதை இடம்பெறும் 'தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்' (1932) தொகுப்பின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆறு ஆறு பேராகக் குழு. ஒருவர் ஒரு சிறு மர்மத்தைத் தமிழில் சொல்ல, மற்றவர்கள் காரணம் காட்டி விடை ஊகிக்க வேண்டும். "சும்மா தோணுச்சு" என்பது செல்லாது. கேட்டல், பேச்சு இரண்டுக்கும் பயிற்சி.

2. பொருளும் ஆளும். மைப்புட்டிபோல ஒரு பொருளைக் கொடுங்கள்: பேருந்துச் சீட்டு, புதுச் செருப்பு, மருந்துச் சீட்டு. இதை ஒரு பாட்டி வைத்திருந்தால் என்ன ஊகிக்கலாம்? ஒரு மாணவன் வைத்திருந்தால்? ஊகத்தை ஒரு பத்தியில் காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

3. பட்டியலின் நடுவில். மாணவர்கள் ஓர் அறையை ஐந்தாறு வாக்கியங்களில் வருணிக்க வேண்டும்; அதில் ஒரு முக்கியச் செய்தியை மறைக்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். எந்தச் சொல்லை எங்கே வைத்தால் எடுபடும், எங்கே வைத்தால் மறையும் என்பதை வாக்கிய அமைப்புப் பாடத்தைவிட இது விரைவில் புரியவைக்கிறது.

4. பெயரில்லாதவர் யார்? எந்தக் கதையைப் படித்தாலும், கிறிஸ்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை, இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள்: இந்தக் கதையில் பெயர் கொடுக்கப்படாதவர் யார், பேச வாய்ப்பே தரப்படாதவர் யார்? நம் பாடநூல் சிறுகதைகளிலும் தேடிப் பார்க்கட்டும்.

நூலைக் கொடுக்குமுன் நாம் ஒருமுறை படித்துவிடுவது அவசியம். பழைய பதிப்புகளில் என்ன சொல் எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலம் கடினம் என்று தயங்கும் மாணவருக்குச் சிறுகதையிலிருந்து தொடங்கலாம். கிறிஸ்டியின் ஆங்கிலம் பெரும்பாலும் எளிமையானது, உரையாடல் அதிகம். தமிழ் மொழிபெயர்ப்பிலும் சில நாவல்கள் கிடைக்கின்றன.

முக்கியமான இன்னொன்று: முடிவை முதலிலேயே உடைக்காதீர்கள். "யாருன்னு மட்டும் சொல்லிடுங்க டீச்சர்" என்று கெஞ்சுவார்கள். சொல்லாதீர்கள். படித்து முடித்த பிறகு இரண்டாம் முறை படிக்கச் சொல்லுங்கள். கொலையாளி யார் என்று தெரிந்தபின் படித்தால்தான் கிறிஸ்டி எந்த வரியில் எதை வைத்திருந்தார், தாம் எந்த ஆளைப் பொருட்படுத்தாமல் விட்டோம் என்பது அவர்களுக்கே தெரியவரும். வாசிப்புப் பதிவேட்டில் அதைப் பற்றி நான்கு வரி எழுதினால் போதும். அந்த நான்கு வரிக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.